மாமாவுக்குப் பிடிக்காத ஃபில்டர்கள்

ஆயில் ஃபில்டரைப் பற்றி என் மாமாவுக்குத் தெரிந்த அளவு இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்று நான்காம் வகுப்பு படிக்கும்போது நான் உறுதியாக நம்பினேன். மாமா என்றால் என் அத்தையின் கணவர். மறையூரில் கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சுகிறவர். அவரிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. அதற்கு ஆயில் மாற்ற வேண்டும் என்பதே அவருக்கு எப்போதாவதுதான் நினைவுக்கு வரும் என்பதை ரொம்ப காலம் கழித்து அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறையில். அப்பாவுக்கு வாளையார்ப் பக்கம் ஓர் ஆலையில் சூப்பர்வைசர் வேலை. சிவனே என்று இருக்கிற மனிதர். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே அடாவடி, ஒரு கார் வாங்கியது. கோயமுத்தூரில் மில்காரர் வீட்டுப் பையன் ஒருவன் பந்தயத்தில் ஓட்டுவதற்கென்று வாங்கி, சலித்துப்போய்த் தள்ளிவிட்ட கார் அது. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் அடுத்த தெரு நாய்கள் எழுந்து நிற்கும். அதை அப்பா மாட்டு வண்டிக்குச் சற்று மேலான வேகத்தில்தான் ஓட்டுவார். ஆனால் ஆயில் மாற்றும் விஷயத்தில் மட்டும் நாளைக்கே பந்தயம் என்பதுபோல் நடந்துகொள்வார்.

அந்த வருஷம் அத்தைக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதத்தில் கட்டுச்சோறு கொண்டுபோய்ப் பெண்ணுக்கு ஊட்டி, பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். எட்டாம் மாதத்தில் அழைக்க மாட்டார்கள். ஒன்பதாம் மாதத்தில் மலைப்பாதைப் பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாயில்லாத அத்தையைச் சிறுமியிலிருந்து வளர்த்துக் கட்டிக்கொடுத்தது என் அப்பாவும் அம்மாவும்தான். அவள் பிரசவம் பாலக்காட்டில், பெரிய ஆஸ்பத்திரியில், தன் கண்முன்னால் நடக்க வேண்டும் என்பதில் அம்மா பிடிவாதமாக இருந்தாள். ஆக, ஏழாம் மாதம் முடிவதற்குள் காரை மறையூருக்குக் கொண்டுபோயாக வேண்டும். அதற்கு முன்னால் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும்.

முதலில் பாலக்காட்டில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் சாதாரண மாடல் காருக்கான ஃபில்டரை எடுத்து வைத்து, "ரெண்டிலும் மரை ஒண்ணு தன்னே சாரே, தைரியமா முறுக்கிக்கோங்க" என்றார். அப்பா அதை வாங்கவில்லை. முறுக்குகிற மரை பொருந்திவிட்டால் மட்டும் போதாது என்று வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்தினார். இந்த இன்ஜின் வேகமாகச் சுற்றுவது. ஆயில் அழுத்தம் ஏறும்போது ஃபில்டருக்குள் இருக்கும் வால்வு அவசரப்பட்டுத் திறந்துகொண்டால் அழுக்கு ஆயில் வடிகட்டப்படாமலே உள்ளே போய்விடும். வண்டி நிற்கும்போது ஆயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்துவைக்க நல்ல ரப்பர் தடுப்பும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் வறண்ட தொண்டையோடு கத்தும். எனக்கு அந்த வறண்ட தொண்டை மட்டும் நன்றாகப் புரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் போய், அந்தக் காருக்கென்றே வருகிற ஃபில்டரை வாங்கிவந்தோம். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. புறப்படும் நாளைச் சொல்வதற்காக மறையூருக்குப் போன் போட்டார். அப்போதுதான் மாமா, ஃபில்டர் எந்த ஊரில் வாங்கியது என்று கேட்டார்.

"கோயமுத்தூர் சரக்குங்களா? ஆகாதுங்க மச்சான். அங்க பூராவும் டூப்ளிகேட்டுங்க. மாசமா இருக்கற புள்ளையக் கூட்டிட்டுப் போற வண்டி, பாத்துக்கங்க."

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை சொன்ன சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அப்பா மறுபடியும் கடை ஏறினார். வேறொரு கம்பெனி ஃபில்டர் வந்தது. இந்த முறை போனில் என்னைக் கூப்பிட்டு, அதன் உயரம் எவ்வளவு என்று மாமா கேட்டார். நான் ஸ்கேல் வைத்து அளந்து சொன்னேன். "அத்தன குட்டையா இருந்தா மலையேத்தத்துக்குத் தாங்காது அம்மிணி" என்று வருத்தத்தோடு சொன்னார். அப்பா பொள்ளாச்சி வரை போய் உயரமான ஒன்றைத் தேடிப்பிடித்தார். அது சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் வருமா என்று மாமா கேட்டார். கொஞ்சம் பக்கத்தில்தான் வரும் என்றேன். "சூட்டுல ஆயில் கொதிச்சுப் போயிருமே அம்மிணி" என்றார். எனக்கு மெய்சிலிர்த்தது. மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டு, பார்க்காத ஃபில்டரில் இவ்வளவு குறை கண்டுபிடிக்கிறாரே!

அப்பாவும், சும்மா சொல்லக்கூடாது, இந்த அலைச்சலை ரசித்தார் என்றுதான் நினைக்கிறேன். அலமாரியில் ஃபில்டர்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அம்மாதான் ஒருநாள் கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள்.

"இப்படியே கடை கடையா ஏறிட்டிருங்க. உங்க தங்கச்சி மறையூர்லயே பெத்துக்கட்டும்."

அன்று மாலையே அப்பா முதலில் வாங்கிய கோயமுத்தூர் ஃபில்டரைப் பூட்டினார். மறுநாள் கட்டுச்சோற்றுத் தூக்குகளோடு உடுமலை வழியாகச் சின்னாறு தாண்டி மலையேறினோம். பந்தயத்துக்கென்று பிறந்த அந்தக் காரைக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முந்திக்கொண்டு போனது.

மாமா எங்களை வாங்க என்று வரவேற்றதும் நேராகக் காரிடம் போனார். சாக்கு ஒன்றை விரித்து, காருக்கடியில் படுத்து, டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். சாப்பாடு ஆகி, அத்தைக்கு வளையல் போட்டு, புறப்படும் நேரம் வந்தது. மாமா உள்ளே போய்த் தன் ஜீப்பின் ஃபில்டர் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். கார் ஃபில்டரைப்போல் இரண்டு மடங்கு இருந்தது.

"இதப் போட்டுட்டுப் போங்க மச்சான். இது சேரலைன்னா, சேர்றது கெடைக்கற வரைக்கும் அவ இங்கயே இருக்கட்டுமுங்க."

சொல்லிக்கொண்டே தோள் துண்டால் அந்த ஃபில்டரைத் துடைத்தார். ஃபில்டர்மேல் இப்படி உயிரை வைத்திருக்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அத்தை எங்களோடு வந்தால் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகித்தான் திரும்புவாள் என்பது எனக்குத் தெரியும். அதற்கும் ஃபில்டருக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் தெரியாது.

அப்பா அந்த ஜீப் ஃபில்டரைக் கையில் வாங்கி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணு பண்ணலாமுங்க மாப்பிள்ளை. நீங்களும் கூட வந்துருங்க. வழியில கசிஞ்சா நான் என்னத்தக் கண்டேன்? கொஞ்ச நாளைக்கு நீங்களே தெனம் பாத்துக்கிட்டீங்கன்னா எனக்கும் நிம்மதி."

"ஃபில்டருக்காக வேணும்னா வர்றனுங்க" என்று மாமா உள்ளே போனார். போன வேகத்தில் ஒரு பையோடு வந்தார். துணியெல்லாம் மடித்து அடுக்கிய பை. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. வாந்தி வருகிறதாக்கும் என்று நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மாமா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். வெல்ல வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நடுவில் ஓரிரு முறை மட்டும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். தினமும் காலையில் சாக்கை விரித்துக் காருக்கடியில் படுப்பார். எழுந்து வந்து, "கசிவு இல்லீங்க" என்று அப்பாவிடம் சொல்வார். அப்பா கொஞ்சமும் சிரிக்காமல், "இன்னும் கொஞ்ச நாள் பாத்துருவோமுங்க" என்பார். பிறகு மாமா அத்தைக்கு மாதுளம்பழம் உரிக்கப் போவார். எங்கள் காரின் ஃபில்டருக்குக் காவலாக மறையூரிலிருந்து ஒரு நிபுணர் வந்து தங்கியிருக்கிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, மாமா காரின் பக்கமே போகவில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு நானே போய்க் கேட்டேன்.

"மாமா, இன்னிக்கு ஃபில்டர் பாக்கலைங்களா?"

அவர் தொட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்த ஃபில்டர் அம்மிணி?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு பொறுப்பில்லாத மனிதரையா அப்பா மலையிலிருந்து கூட்டிவந்து தினமும் நெய்ச்சோறு போட்டுக்கொண்டிருக்கிறார்? சாக்கை இழுத்துக்கொண்டு போய், பள்ளிக்கூடச் சீருடையோடு நானே காருக்கடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.