முப்பத்திரண்டு பேருக்கு ஒரே கோடு

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள், வேலைக்குப் போன அப்பா காலை ஒன்பது மணிக்கெல்லாம் வீடு திரும்பியது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். சின்னவள் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்று, "அப்பாவுக்கு மட்டும் ரஜாவா? லீவா?" என்று கேட்டாள். வயிற்றுவலி என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். அன்றைக்கு நடந்ததை இப்போது முழுவதுமாக எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். நீங்களோ கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள். அதனால் பெரிய வார்த்தை எதுவும் போடமாட்டேன். எனக்கும் அவ்வளவாகத் தெரியாது.

நான் வேலை செய்யும் கம்பெனி நஞ்சன்கூட்டில் இருப்பதும், அங்கே சிறு குழந்தைகளுக்கான சத்துமாவு செய்வதும் உங்களுக்குத் தெரியும். உள்ளே என் வேலை என்னவென்று தெரியாது. டப்பா நிரப்பும் லைனில் இருக்கிறேன். மெஷின் மாவைக் கொட்டிக்கொண்டே போகும். ஈரக் காற்று அடித்தால் குழாய் வாயில் மாவு அடைத்துக்கொள்ளும். மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் அதை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சின்னக் கரண்டி போட வேண்டும். அதற்கும் கைதான். கையுறை உண்டு. ஆனாலும் கைதானே.

கேட்டுக்குள் நுழையும் முன் தினமும் எல்லோரும் ஒரு ஷீட் நிரப்ப வேண்டும். ஜுரம், வாந்தி, பேதி, இருமல், கையில் காயம் என்று ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். மைசூரிலிருந்து போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் முப்பத்திரண்டு பேர். இத்தனை பேரும் கேட்டில் நின்று எழுதினால் வருகைக் கார்டு பஞ்ச் பண்ண நேரமாகிவிடும். அதனால் முந்தின நாளே செக்யூரிட்டியிடம் ஷீட்டை வாங்கி பஸ்ஸில் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பெயர்கள் முன்னாலேயே அச்சடித்திருக்கும். ஒருவர் அடிஸ்கேலை வைத்து, 'இல்லை' கட்டங்களின் மேல் மேலிருந்து கீழாக ஒரே கோடாக இழுத்துவிடுவார். ஐந்து கேள்விக்கு ஐந்து கோடு. பிறகு ஷீட் கைமாறிக் கைமாறிப் போய்க் கையெழுத்து வாங்கி வரும். வண்டி மைசூர் எல்லையைத் தாண்டுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

மூன்று வருடமாக அந்தக் கோடு போடுகிறவன் நான்தான். ஓடுகிற பஸ்ஸிலும் கோணாமல் போடுவேன் என்று எனக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அதில் கொஞ்சம் பெருமையும் எனக்கு இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அந்த வாரம் முதலில் படுத்தது சின்னவள். இரண்டு நாள் வாந்தி, பேதி. பள்ளிக்கூடத்திலிருந்து, குணமாகும் வரை அனுப்ப வேண்டாம் என்று போன் வந்தது. மூன்றாம் நாள் அவள் எழுந்து விளையாடினாள். அன்று சாயங்காலம் எனக்கு ஆரம்பித்தது. "என்னோடது அப்பாவுக்குப் போயிடுச்சு, நான் நாளைக்கு ஸ்கூல் போகலாம்" என்று அவள் கை தட்டினாள்.

விடிந்ததும் மறுபடி வாந்தி எடுத்துவிட்டு வந்து சட்டையை மாட்டினேன். உங்கள் அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் கொங்குத் தமிழ் பேசும் கௌதள்ளிப் பக்கத்துப் பெண். கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு கூடிவிடும்.

"ஏனுங்க, கண்ணாடியில மூஞ்சியப் பாத்தீங்களா? இந்த லட்சணத்துல போகோணுமாக்கும்?"

"இன்னைக்கு டிரயல்."

"டிரயலு எங்கயும் ஓடிப் போயிராது. நீங்கதான் ஓடிட்டே இருக்கறீங்க, பாத்ரூமுக்கு."

அவள் சொன்னது சரிதான். ஆனால் அந்த டிரயலை நான் எவ்வளவு நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்கும் தெரியும். கம்பெனிக்குப் புது மெஷின் வந்திருந்தது. அதை ஓட்ட ஆறு பேரை எடுக்கப் போகிறார்கள், எடுக்கப்படுகிறவர்கள் கான்ட்ராக்டிலிருந்து மாறிக் கம்பெனியின் சொந்த ஆட்கள் ஆகிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஏழு வருடமாகக் கான்ட்ராக்டில் இருக்கிறவன் நான். ஒவ்வொரு வருடமும் கான்ட்ராக்ட்காரர் மாறும்போது, புதியவர் நம்மை வைத்துக்கொள்வாரா என்று ஒரு மாதம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு டிரயல் பட்டியலில் என் பெயர் இரண்டாவது. வராதவனுக்காக யார் காத்திருப்பார்கள்?

பேதியை நிறுத்தும் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். ஒன்றும் சாப்பிடவில்லை. வயிறு காலியாக இருந்தால் வெளியே வருவதற்கு என்ன இருக்கிறது என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்துக்கொண்டேன். உங்கள் அம்மா ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் கரைத்து என் பையில் திணித்தாள். 

பஸ்ஸில் என் பக்கத்து சீட்காரர் அட்டைப்பெட்டி கட்டும் பிரிவில் இருக்கிறவர். மைசூரிலேயே பிறந்த தமிழர். அவர் பேச்சில் பாதி கன்னடம் இருக்கும்; எல்லோரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் ஏறி உட்கார்ந்ததும் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் குரு, எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளா இருக்க?"

சொன்னேன்.

"மாத்திரை போட்டாச்சில்ல? ஆயித்து பிடு, அவ்வளவுதான் விடு. வாயத் தொறக்காம மெஷினை ஓட்டிட்டு வந்துரு. போன மாசம் நான் நூத்திரெண்டு ஜுரத்தோட வரலியா?"

ஷீட்டும் ஸ்கேலும் என் மடிக்கு வந்தன. ஜுரம், இருமல், காயம், மூன்றுக்கும் கோடு இழுத்தேன். நேராக வந்தன. வாந்திக்கு ஸ்கேலை வைத்தேன். பேனாவை வைத்தேன். கை நகரவில்லை.

அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்தது நீங்கள் இரண்டு பேரும் கடையில் ஆடும் விளையாட்டு. டப்பாவின் அடியில் சின்னதாக எண்ணும் எழுத்தும் அடித்திருக்கும். எந்த லைன், எந்த ஷிஃப்ட் என்பது அதில் தெரியும். நான்தான் உங்களுக்கு அதைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அப்போதிலிருந்து கடைக்குப் போனால் டப்பா டப்பாவாகக் கவிழ்த்துப் பார்ப்பீர்கள். எங்கள் லைன் கிடைத்துவிட்டால், "இது நம்மப்பா ஹாகித்து, எங்கப்பா போட்டது" என்று இரண்டு மொழியிலும் கடைக்காரரிடம் சொல்வீர்கள். அந்த வாரம் சின்னவளுக்குக் கொஞ்சம் தேறியதும், அப்படிக் கண்டுபிடித்து வாங்கிய டப்பாவிலிருந்துதான் அம்மா கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள்.

இன்றைக்கு நான் நிரப்பும் டப்பாவின் அடியிலும் அந்த எண் விழும். எவன் வீட்டிலோ ஒரு குழந்தை அதில் கஞ்சி குடிக்கும். சின்னவள் இரண்டு நாள் சுருண்டு கிடந்த கிடை என் கண்ணில் நின்றது.

கோட்டை இழுத்தேன். பதினெட்டாவது பெயர் வரை வந்தது. பத்தொன்பதாவது பெயர் என்னுடையது. பேனாவைத் தூக்கி, அதைத் தாண்டி இருபதில் வைத்து, முப்பத்திரண்டு வரை இழுத்தேன். பேதிக்கும் அதே மாதிரி. பிறகு என் பெயருக்கு நேராக 'ஆம்' கட்டங்கள் இரண்டிலும் டிக் போட்டேன்.

பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏய், என்ன மாடிபிட்டே நீனு, என்ன செஞ்சுட்ட? மூணு வருஷமா பல்லு வரிசை மாதிரி இருந்த கோட்டுல ஓட்டை போட்டுட்டியே! இப்ப எல்லாரையும் ஒவ்வொருத்தரா நிறுத்திக் கேப்பாங்க. உன் வயித்துவலி உன்னோட, எங்க பஞ்ச் எங்களோட!"

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பேக்கிங் பிரிவு அக்கா திரும்பினாள். "எதுக்குண்ணா கத்துறீங்க?" என்று ஷீட்டை வாங்கிப் பார்த்தாள்.  பிறகு தன் இடது கையை நீட்டினாள். பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. "தேங்காய் துருவுறப்ப கிழிச்சிருச்சு. எனக்கும் காயத்துல கோட்டை வெட்டிட்டு ஆம்னு போட்டுரு தம்பி."

"அவ்வளவுதான், பஸ்ஸைத் திருப்பு ஆஸ்பத்திரிக்கு" என்றார் பக்கத்து சீட்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

கேட்டில் செக்யூரிட்டி வழக்கம் போல ஷீட்டைப் பார்க்காமலேயே ஃபைலில் வைக்கப் போனார். நான்தான், "அண்ணா, அதுல ஆம் இருக்கு" என்றேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஷீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். ஆம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே எழுதியிருக்குமோ என்று தேடினார் போலிருக்கிறது. எதுவும் இல்லை. தரம் பார்க்கும் குவாலிட்டி மேடத்துக்குப் போன் செய்தார்.

வெள்ளைக் கோட்டும் தலையில் வலைத்தொப்பியுமாக மேடம் வேகமாக வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கன்னடத்தில்தான் பேசினார். எத்தனை தடவை போனது, தண்ணீர் குடித்தாயா, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். சொன்னேன். முழுவதும் நின்று இரண்டு நாள் ஆன பிறகுதான் உள்ளே வரலாம் என்றார். அதற்கு ஒரு தனி ஃபாரம் உண்டாம். அது எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. பீரோவைக் குடைந்து, நூல் பிரிக்காத ஒரு கட்டைக் கொண்டு வந்தார். மேல் தாளில் தூசி. வரிசை எண் என்று இருந்த இடத்தில் '1' என்று எழுதினார். விரலில் துணி சுற்றிய அக்காவுக்கு '2'. அக்காவை வீட்டுக்கு அனுப்பவில்லை. காயத்துக்கு நீல பிளாஸ்டர் போட்டு, மாவு பக்கம் போகாமல் குடோனில் லேபிள் எண்ணும் வேலைக்கு அனுப்பினார்கள்.

எழுதி முடித்துவிட்டு மேடம், நாலு வருடமாக இந்த ஷீட்டுகளைப் பார்த்து, இந்தக் கம்பெனியில் யாருக்குமே ஜலதோஷம்கூடப் பிடிக்காதா என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கோடுகளைப் போட்ட கை என்னுடையது.

நான் பயந்தது இதற்கெல்லாம் இல்லை. லைன் இன்சார்ஜுக்குத்தான். சேலத்துக்காரர். கறார் பேர்வழி. கையில் டிரயல் பட்டியலோடு அவர் கேட்டுக்கு வந்தார்.

"என்னய்யா, உடம்பு சரியில்லையா?"

"ஆமா சார். வாந்தி பேதி. ஆனா சார், இன்னைக்கு என் டிரயல்..."

  அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். பட்டியலில் என் பெயரை அடித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்த தாளைப் புரட்டி, சனிக்கிழமை என்று இருந்த இடத்துக்குக் கீழே என் பெயரை எழுதினார்.

"அந்த மெஷின் கம்பெனிக்காரன் அடுத்த வாரம் வரைக்கும் இங்கதான் கெடப்பான். சனிக்கிழமை வா. இதுக்குப் போயி இந்த ஒடம்போட பஸ் ஏறி வந்தியா? ஒரு போன் பண்ணியிருந்தா நான் எழுதியிருப்பேன்ல?"

அவ்வளவுதான். விடியவிடிய என்னைப் புரட்டிப் போட்டது, அந்த மனிதருக்கு ஒரு பென்சில் வேலை. பெயரை அடிக்க ஒரு நொடி, எழுத இரண்டு நொடி. இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று, ஏழு வருடத்தில் எதையுமே கேட்காமல் பழகிவிட்டேன்.

கம்பெனி ஜீப்பில் நஞ்சன்கூடு பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டார்கள். மைசூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அம்மா கொடுத்த உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வந்தேன். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. வியர்வை காய்ந்தது. உடம்பு அப்படியேதான் இருந்தது, ஆனால் தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, கம்பெனியில் நடந்ததைச் சொன்னேன். உங்கள் அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "நான் சொன்னப்ப காதுல ஏறல. அவரு பென்சில்ல சொன்னதும் ஏறிருச்சாக்கும்" என்றாள். ஆனால் போர்வையை இழுத்து என் கால் வரை மூடிவிட்டது அவள்தான். சாயங்காலம் வரை தூங்கினேன். பகலில் அப்படித் தூங்கி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு ஷீட் பஸ்ஸுக்கு வருவதில்லை. கேட்டில் ஒரு மேஜை போட்டு, ஒவ்வொருவராக எழுதச் சொல்லிவிட்டார்கள். எட்டு நிமிடம் வீண் என்று பக்கத்து சீட்காரர் தினமும் என்னைத் திட்டிக்கொண்டே வரிசையில் நிற்பார். ஆனால் ஒரு நாள் காலையில் அவர் இருமிக்கொண்டே வந்து, மேஜையில் குனிந்து ரொம்ப நேரம் எழுதினார். "என்ன குரு, பாக்குறே? நானும் ஒரு நாள் ரஜா எடுக்கிறேன், உனக்கென்ன நஷ்டம்?" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

டிரயல் நாளான சனிக்கிழமை நான் என் ஷீட்டை எழுதினேன். ஸ்கேல் இல்லை. ஐந்து கேள்வியையும் படித்து, ஐந்து டிக் போட்டேன். எல்லாம் 'இல்லை'. எல்லாம் நிஜம். டிரயலில் மெஷினை இரண்டு மணி நேரம் ஓட்டினேன். ஒரு தடவை அடைத்துக்கொண்டது, சரி செய்தேன். இன்சார்ஜ் பட்டியலில் ஏதோ குறித்துக்கொண்டு போனார். பதினைந்து நாள் கழித்துத்தான் என்னைக் கம்பெனியின் சொந்த ஆளாக எடுத்துக்கொண்ட கடிதம் வந்தது. உங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் அதே கவரில் அதுவும் இருக்கிறது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்கு அதெல்லாம் தெரியாது. டிரயல் முடிந்து கேன்டீனுக்குப் போனேன். நாலு நாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது. ஆறு இட்லி சாப்பிட்டேன். ஏழாவது கேட்டபோது பரிமாறுகிறவர், "வயிறு சரியாயிடுச்சுபோல" என்றார்.