மம்சாபுரத்துத் தம்பி கேட்ட வரி

ராஜபாளையத்தில் ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கண்ணீர் அஞ்சலிக் கவிதைகளையும் நானே எழுதுவேன். போன மாதம் மம்சாபுரத்து ராணுவ வீரர் ஒருவர் வந்து தன் போட்டோவைக் கொடுத்தார்.

“பிறந்தநாளா தம்பி?”

“இல்லண்ணே, அஞ்சலிக்கு. லீவு முடிஞ்சு நாளைக்கு பார்டருக்குப் போறேன். ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான எழுதுவீங்க?”

போட்டோவை மேசையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

“சிங்கம் சாய்ந்ததுன்னு எழுதிராதீங்க. எங்கம்மா அதையா தேடுவா? ‘வலிக்காமப் போயிட்டான்’னு போடுங்க. அம்புட்டு போதும்.”

“உயிர் அப்படி வலிக்காமத்தான் போகுமா தம்பி?”

“போகாதுண்ணே. பாத்திருக்கேன்.”

எத்தனையோ வீரர்களின் சாவைச் சிங்கம், விதை, சூரியன் என்று எழுதியிருக்கிறேன். அவர்களுக்கு வலித்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அவர் இப்போது பார்டரில் இருக்கிறார்; போட்டோ என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதன் கீழே அந்த வரியை டைப் செய்ய இன்னும் கை வரவில்லை.