மகாதேவன் சாரின் குடுமி

போன புதன்கிழமை லஸ்ஸில் டிராமுக்காக நின்றுகொண்டிருந்தேன். "என்ன ஓய், எழுத்தெல்லாம் நன்னா நடக்கிறதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினேன். நெற்றியில் விபூதி, தலையில் கிராப்பு... ஆள் யார்? குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன் – மகாதேவன் சார்!

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர். ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்து ஐம்பத்தைந்தில் ரிடையர் ஆனவர். இப்போது வீட்டிலேயே டியூஷன்.

"சார்... குடுமி எங்கே?"

"உம்மைத்தான் கேக்கணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

இரண்டு மாதம் முன்பு இதே பத்திரிகையில் நான் ஒரு ஜோக் எழுதியிருந்தேன். ஒரு கிழ வாத்தியார் – பொடி, பொக்கை வாய், குறட்டை. பையன்கள் அவர் குடுமியை நாற்காலியோடு கட்டிவிடுகிறார்கள். நம் ஆர்ட்டிஸ்ட் படமும் போட்டார். உங்களில் பலர் பாராட்டிக் கடிதம் எழுதினீர்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

மகாதேவன் சார் பொடி போடமாட்டார். பல் ஒன்றும் விழவில்லை. பாடம் சொல்லும்போது தூங்கியதும் கிடையாது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பையன்களுக்கு அதெல்லாம் எதற்கு? ஒரு சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் செய்து, உலரட்டும் என்று முடியை அவிழ்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து அல்ஜீப்ரா சொல்லிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து சணலால் கட்டிவிட்டார்கள். மனுஷர் எழுந்தார்... வலியில் போட்ட சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டதாம். (நான் அப்போது ஊரில் இல்லை.) மறுநாள் ஜன்னலில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம்.

அதற்கும் மறுநாள் நாவிதர் முனுசாமியைக் கூப்பிட்டிருக்கிறார். முனுசாமிக்குக் கத்தரியை எடுக்கக் கை வரவில்லை.

"இன்னா சாமி, நெசமாத்தான் சொல்றியா? வூட்ல அம்மாவாண்ட கேட்டுக்கினியா?"

கேட்கவில்லை. சாரின் சம்சாரம் இன்னும் அவரோடு பேசவில்லை.

அதோடு போயிற்றா? வருகிற வெள்ளிக்கிழமை அவருடைய அப்பாவுக்குத் திவசம். குடுமி இல்லாதவருக்குப் பண்ணிவைக்கமாட்டேன் என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டார்.

"எள்ளும் தண்ணியும் விட நான் ஒருத்தன்தான் இருக்கேன்," என்றார் சார். "மயிர் வளர்ற வரைக்கும் அப்பா பசியோட காத்துண்டிருக்கணுமாம்." கொஞ்சம் நிறுத்தி, "கிழவன்னா எல்லாரும் அப்படி இல்லேன்னு ஒரு வரி எழுதுமேன் ஓய்," என்றார். டிராம் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நேரே பத்திரிகை ஆபீசுக்குப் போய் ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன் – சணல், கிராப்பு, திவசம், ஒன்று விடாமல்.

"பாவம்தான். ஆனா இதுல ஜோக் எங்கே ஓய்?" என்றார் அவர்.

ஜோக் பக்கத்து மேஜையில் தயாராகிக்கொண்டிருந்தது! நான் சொல்லச் சொல்லவே ஆர்ட்டிஸ்ட் வரைந்துவிட்டார். கண்ணாடி முன்னால், சீப்பும் கையுமாக, கிராப்புத் தலைப் பொக்கைவாய்க் கிழவர். கீழே: 'தாத்தாவுக்குக் காலேஜ் ஆசை!' ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். போடாதீர்கள் என்று கெஞ்சினேன். படம் அச்சுக்குப் பிளாக் செய்யப் போய்விட்டது.

நம் பத்திரிகைகளில் இருபது வயதானால் சிகரெட்டும் சினிமாவும். நாற்பதானால் பெண்டாட்டிக்குப் பயம். ஐம்பத்தைந்தானால் பொடியும் குறட்டையும். இதில் ஒன்றுக்கும் அடங்காத ஒரு மனுஷரைப் பார்த்தால் என்ன செய்கிறோம்? அவருக்கும் ஒரு படம் போட்டுவிடுகிறோம். பதினோரு வருஷமாக நானும் இதைத்தான் எழுதிவருகிறேன். இனி நிறுத்தினால் மட்டும் என்ன? எழுத இன்னொருவர் வருவார்.

சார் கேட்ட வரியை எழுதிவிட்டேன்: கிழவர் என்றால் எல்லாரும் அப்படி இல்லை. படம் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன் இதைப் படிப்பீர்களா?

எங்கே... பத்திரிகை கைக்கு வந்ததும் நானே முதலில் பார்ப்பது ஜோக்கைத்தானே!