ஒரு சாணுக்கு மேல்

எங்கள் அண்ணி இதுவரை நெய்ததை எல்லாம் நீட்டிப் போட்டால் எங்கள் தெருவை மூடிவிடலாம். ஆனால் அதில் ஒரு சாணுக்கு மேல் நீளமான துண்டு ஒன்றுகூடக் கிடைக்காது.

இதைச் சொல்வது அவருடைய நாத்தனார். நாத்தனார் அண்ணிக்குப் பரிந்து பேசினால் மழை கொட்டும் என்பார்கள். கொட்டட்டும். என் கோபமெல்லாம் என் கூடப் பிறந்தவர் மேல்தான்.

அண்ணன் தறி செய்கிறவர், ராட்டையும் செய்வார். வீட்டின் கீழ்த்தளம் முழுக்கப் பட்டறை. ஷட்டரைத் தூக்கியதும் சாத்தி வைத்த பலகைகள், அதற்கப்பால் அண்ணனின் இழைப்பு மேஜை, ஜன்னலோரம் என்னுடைய கடைசல் மெஷின். ராட்டைக்கு ஆரக்கால், நூல் சுற்றும் கட்டை, தறிக்கு உருளை என்று உருண்டையாக எது வேண்டுமோ அது என் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த மெஷினைக் கட்டிக்கொண்டவள் நான். சத்தம் போடுமே தவிர, இதுவரை என்னை எதிர்த்துப் பேசியதில்லை.

அண்ணியுடையது கடைசி வேலை. ராட்டை முடிந்தால் அதில் உட்கார்ந்து, மிதியை மிதித்து, ஒரு கட்டை நிறைய நூல் நூற்றுப் பார்ப்பார். நூல் தடங்கலில்லாமல் வந்தால் ராட்டை தேறியது. தறி முடிந்தால் கை நீளத்துக்குக் கொஞ்சம் நெடுக்கு நூலை இழுத்துப் பாவு கட்டி, ஒரு சாண் நெய்வார். ஓரம் கோணுகிறதா, மிதி கனக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். சுண்டுவிரலையும் கட்டைவிரலையும் விரித்துத் துணிமேல் வைத்துப் பார்ப்பார். சாண் நிறைந்ததும் இடுப்பில் செருகிய கத்தரியை எடுத்து, நறுக்கென்று வெட்டிவிடுவார். அண்ணி தையல்காரர் மகள். அந்தக் கத்தரி பிறந்த வீட்டிலிருந்து அவர் கூடவே வந்தது.

வெட்டிய துண்டைத் தறியின் மேல்கட்டையில் ஒரு நூலால் கட்டிவிடுவோம். அது எங்கள் பட்டறையின் முத்திரை மாதிரி. சாண் கட்டியாகிவிட்டால் அந்தத் தறி வாங்கியவர் சொத்து. அதற்குப் பிறகு அதிலிருந்து ஓர் ஆணியைக்கூட அண்ணன் தொடமாட்டார். தலை போகிற அவசரம் என்றாலும் தொடமாட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவரை மெச்சத்தான் வேண்டும்.

கல்யாணமான புதிதில், அண்ணி ஒரு தறியில் சாண் நெய்து முடித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் நெய்யட்டுமாங்க?” என்று கேட்டார். தறியை ஏற்றிப்போக வண்டி வாசலில் நின்றது. அண்ணன் சொன்னார், “இது வேண்டாம்மா. உனக்குன்னே ஒண்ணு செஞ்சு தர்றேன். அதுல ஆசை தீர நெய்.”

செய்யவும் ஆரம்பித்தார். பொய் சொல்லக்கூடாது. பட்டறையின் பின்மூலையில் நாலு கால், குறுக்குச் சட்டம், மிதிக்கட்டை எல்லாம் எழும்பி நின்றன. அப்புறம்தான் கதை தொடங்கியது. யாரோ ஒருவர் தறியின் மிதி உடைந்துவிட்டது என்று ஓடி வந்தார். அண்ணன் மூலையைப் பார்த்தார். மிதி போயிற்று. ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவசரமாக ஒரு குறுக்குச் சட்டம். அதுவும் போயிற்று. ஒன்றைச் செய்து மாட்டுவார், இன்னொன்றைக் கழற்றுவார். ஒரு சமயம் இரண்டு கால் மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் பூனை முதுகு சொறிந்துகொண்டிருந்தது. நான் அந்தத் தறிக்கு வள்ளல் என்று பேர் வைத்தேன்.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியன் பெண்டாட்டி நோயாளி. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தறி செய்கிறவன் வீட்டில் தறி இல்லை.

இதில் அண்ணியும் லேசுப்பட்டவரில்லை. “அந்தம்மா பாவம், பாதி நெசவுல நிக்கிறாங்க. நம்மளோடத எடுத்துக் குடுங்க,” என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டு மாடிக்குப் போய்ப் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவுவார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். அண்ணனுக்கு மரத்தூள் காதை அடைத்துவிடும்.

போன குளிரில் அண்ணன் மகள் போன் செய்தாள். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண், தலைப்பிரசவம் நெருங்குகிறது. “அம்மா, குழந்தைக்குப் போர்வை நீதான் நெய்யணும். தறிக்காரர் பேரப்பிள்ளைய கடைப் போர்வையில சுத்தினா சிரிக்க மாட்டாங்களா?”

அண்ணி, “சரிடி,” என்றார். போனை வைத்தவர் பின்மூலையில் நின்ற வள்ளலைப் போய்ப் பார்த்தார்.

அன்றைக்கு நான் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். “வள்ளல்ல இனிமே யாராவது கை வெச்சா என் மெஷின் ஓடாது. நீங்களே பல்லால கடைஞ்சுக்குங்க.”

தறி முடிந்தது. உருளைகளை நானே கடைந்தேன், உப்புத்தாள் போட்டுக் கண்ணாடியாகத் தேய்த்தேன். நூல் வாங்க வேண்டிய தேவையே இல்லை. ராட்டைகளை நூற்றுப் பார்த்த நூலையெல்லாம் அண்ணி இத்தனை காலமும் சுருட்டிச் சுருட்டி ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார். யார் யார் வீட்டுக்கோ போன ராட்டைகளின் நூல். வெள்ளை, சாம்பல், பழுப்பு. போர்வைக்குச் சரியாக இருந்தது. இன்னொன்று கேட்டால் இல்லை.

பாவு ஏற்றி, ஒவ்வோர் இழையாகக் கோத்து, ஒரு காலையில் அண்ணி உட்கார்ந்தார். அண்ணன் ஒரு பலகையைத் தேவையில்லாமல் இழைத்துக்கொண்டிருந்தார். நான் ஓடாத மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். இருவரும் அவரைப் பார்ப்பதில்லை என்று பாவனை.

மிதி இறங்கியது, குறுக்கு நூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது, தறிப்பலகை வந்து இழையை நெருக்கித் தட்டியது. சாம்பலும் வெள்ளையுமாகத் துணி வளர்ந்தது. அண்ணி குனிந்து ஓரத்தைத் தடவினார். விரல்களை விரித்து வைத்தார். சாண் சரியாக இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்து, நறுக்கென்று வெட்டிவிட்டார்.

பாவு தொய்ந்தது.

அண்ணி கையிலிருந்த துண்டைப் பார்த்தார், தறியைப் பார்த்தார். “முடிஞ்சிடுச்சுன்னு கை நெனச்சிடுச்சு,” என்றார். பிறகு சிரிக்க முயன்று, “சாண் ஏறினா முழம் சறுக்குதே,” என்றார். அதைச் சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்றுகூட வண்டி தெருமுனை திரும்பும்வரை பிடித்து வைத்திருந்தவர்.

என் வாய் சும்மா இருக்குமா? “பாத்தீங்களா அண்ணே? ஒரு சாணோட நிறுத்தி நிறுத்தி அந்தக் கைய இப்படி ஆக்கி வெச்சிருக்கீங்க,” என்றேன்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தறி முன்னால் மண்டி போட்டார். வெட்டுப்பட்ட இழைகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து முன் உருளைக் கம்பியில் முடிச்சுப் போடத் தொடங்கினார். அந்த விரல்களில் மரச்சிராய் ஏறிக் கிடக்கும். நூல் மாட்டிக்கொண்டது.

“அப்படி இழுக்காதீங்க, அறுந்துடும்,” என்று அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். “குஞ்சம் விடறதுக்கு ஓரத்துல நூல் விட்டிருந்தேன். அது இதுக்குச் சரியாப் போயிடும்.”

“ஒரு பக்கம் குஞ்சம் இல்லேன்னா பேரப்பிள்ள நம்மளக் கேக்கவா போகுது?” என்றார் அண்ணன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இருவருமாகக் கட்டினார்கள்.

கட்டி முடிக்கவும் ஷட்டர் பக்கம் நிழலாடவும் சரியாக இருந்தது. பழைய வாடிக்கைக்காரர். கையில் பிளந்துபோன ஓர் உருளை. “பாதி நெசவுல நிக்குதுங்க. இந்த அளவுல ஏதாவது இருக்குமா?” என்று கேட்டபடியே அவர் கண் பின்மூலைக்குப் போனது. வள்ளலை அவருக்கும் தெரியும்.

அண்ணியின் கை தானாகவே தறியிலிருந்து விலகியது. “அவரு பாவம், நிக்கிறாரு. வேணும்னா…” என்று ஆரம்பித்தார்.

அண்ணன் எழுந்தார். அண்ணியின் மடியில் கிடந்த அந்தச் சாண் துண்டை எடுத்தார். ஒரு நூலால் தறியின் மேல்கட்டையில் வைத்து இறுக்கிக் கட்டினார். அப்புறம் திரும்பி, “சாண் கட்டியாச்சுங்க. இது போன தறி,” என்றார். “உங்களுக்குப் புதுசா கடைஞ்சு தர்றோம். இந்த வாரக் கடைசியில வாங்க.”

“யாருக்குப் போச்சு?” என்றார் வந்தவர்.

“எங்க வீட்டுக்காரிக்கு.”

நான் அவசரமாக மெஷினைப் போட்டுவிட்டேன். கண்ணில் தூசி விழுந்தால் யாரும் கேட்கக் கூடாது பாருங்கள். வாடிக்கைக்காரரின் உருளைக்கான மரத்தை அப்போதே மாட்டினேன். என் அண்ணனுக்காக வேகமாக வேலை செய்ய வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

அண்ணி மறுபடி நெய்தார். சாண் வந்ததும் கால் நின்றது. கை இடுப்புக்குப் போனது. கத்தரி அங்கே இல்லை. நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் தன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

அண்ணி நாடாவைத் தள்ளினார். இரண்டு முறை போய் வந்தது. பிறகு மீண்டும் நின்றுவிட்டார். இந்த முறை முகத்தில் ஒரு வெட்கம்.

“என்னங்க,” என்று கூப்பிட்டார். “இதுக்கு மேல பலகை தட்டறதுக்கு இடம் இல்ல. நெய்தத எப்படிச் சுத்தறது?”

நான் மெஷினை நிறுத்தினேன். எங்கள் பட்டறையிலிருந்து போன அத்தனை தறியையும் தேற்றி அனுப்பியவர் இவர். வெறும் உருளையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். துணியோடு சுற்ற வேண்டிய நிலை அவருக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அது எனக்கும் அந்த நிமிஷம்தான் உறைத்தது. அண்ணனுக்கும் உறைத்திருக்க வேண்டும். அருகில் போய், பின் உருளையைச் சுற்றவிடாமல் பிடித்திருக்கும் பல்லைத் தளர்த்தி, அண்ணியின் கையைப் பிடித்து முன் உருளையின் பிடியில் வைத்தார்.

“இப்ப சுத்து.”

அண்ணி சுற்றினார். நெய்த சாண் உருளைமேல் ஏறிப் படிந்தது. எதிரே வெறும் பாவு விரிந்து கிடந்தது.