மலை ஏறக்கூடாத வருஷம்

"…அது சரி, தெனமும் அந்த டைரியில யாரோட பேசுற?" என்றாள் என் மனைவி.

நைனா இறந்த வருஷம் அது. கொள்ளி வைத்த மகன் ஓராண்டுக்கு மலைக் கோயில் ஏறக்கூடாது என்பது எங்கள் வழக்கம். மனசு பாரமானால் செஞ்சிக் கோட்டை மலை அம்மனிடம் கொட்டிவிட்டு வருகிறவன் நான். அது நின்றதும் தூக்கம் கெட்டது. அம்மனிடம் சொல்ல வேண்டியதை டைரியில் எழுத ஆரம்பித்தேன். எழுதிய அன்றெல்லாம் தூங்கினேன். எப்படி என்று எனக்கே விளங்கவில்லை.

"அம்மன்கிட்டதான்," என்றேன்.

"இன்னா சொல்லுது உன் அம்மன்?"

"ஒண்ணும் சொல்லல. எழுதி முடிச்சா, யாரோ கேட்டுட்ட மாதிரி இருக்குது."

கிண்டல் செய்வாள் என்று காத்திருந்தேன்.

"கடைசி வரைக்கும் உங்க நைனாவுக்குக் கஞ்சி ஊட்டினவ நான். என்னைத்தான் யாரும் ஒரு வார்த்த கேக்கல," என்றவள், என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அடுத்த பக்கத்தில் 'தாயே' என்று எழுதத் தொடங்கினாள்.