தோட்டத்துப் பெயர்ப் பட்டியல்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கிடந்தது. முன்பு குடியிருந்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து தோட்டம் செய்த இடமாம். நாங்கள் வந்தபோது குடித்து எறிந்த செவ்விளநீர்க் கோம்பைகளும் உடைந்த செங்கல்லும் ஒரு பழைய கக்கூஸ் கொமேட்டும்தான் அங்கே விளைந்திருந்தன.

யுத்த காலம். பின்னேரங்களில் வெளியே போக யாருக்கும் மனமில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்து ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தோம். அதனால்தானோ என்னவோ, தோட்டத்தைத் திருத்துவோம் என்று நான் சொன்னதும் வீட்டுக்கு ஒருவராவது இறங்கி வந்தார்கள். கீழ்த்தளத்துச் சிங்கள அம்மா, களுபோவில ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல் பொறுக்கினார். பக்கத்துப் புடவைக்கடை முஸ்லிம் நானா தண்ணீர்க் குழாய் வாங்கித் தந்தார்.

கங்குன் கீரையும் பசளியும் தலைகாட்டியதும் கூட்டம் குறைந்தது. கீரை பிடுங்க வருவார்கள், தண்ணீர் ஊற்ற வரமாட்டார்கள். ஒருத்தி மட்டும் தவறவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்றாம் மாடியில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தவள். கனடாவில் இருந்த கணவன் அனுப்பவேண்டிய விசாப் பேப்பர்களுக்காகக் காத்திருந்தாள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். கந்தோர் வேலையில் பட்டியல் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? எந்த நாளில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயரும் வீட்டு இலக்கமும் போட்டு எழுதினேன். நர்ஸ் அம்மாவுக்கும் விளங்க வேண்டுமே என்று பக்கத்தில் சிங்களத்திலும் எழுதினேன்.

"அக்கா, என்ட பேரைப் போடாதேங்கோ," என்றாள் அவள்.

"ஏன்?"

"சும்மாதான். நான் எப்பிடியும் ஊத்துவன்தானே."

"வேலை செய்யிற ஆளின்ட பேரை விட்டிட்டு, கீரை பிடுங்கிறவையின்ட பேரையோ போடுறது?"

அவள் மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் விடப் போய்விட்டாள். மற்றவர்களுக்கு உறைக்கட்டும் என்று வாரத்தில் நான்கு நாளுக்கு அவள் பெயரையே எழுதிக் கேற்றில் ஒட்டினேன். ஏன் தயங்குகிறாள் என்று யோசிக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் செக்கிங்குக்கு வந்த பொலிஸ்காரர் கேற்றடியில் நின்று அதை ஆறுதலாக, ஒவ்வொரு பெயராக வாசித்தார். வடக்கிலிருந்து வந்து தங்குபவர்களை வீட்டுக்காரர் பொலிசில் பதியவேண்டிய காலம் அது. கேள்வி வரும் என்ற பயத்தில் சித்தப்பா அவளைப் பதியாமலே விட்டிருந்தார். பொலிஸ்காரரின் கையிலிருந்த பதிவுத் தாளில் இல்லாத பெயர் என் பட்டியலில் நான்கு தடவை இருந்தது. தோட்டத்து ஈரக் காலோடேயே அவளை ஜீப்பில் ஏற்றினார்கள்.

நர்ஸ் அம்மாவும் நானும் பொலிஸ் ஸ்டேசனுக்கு ஓடினோம். நாளும் பொழுதும் பேசுகிற சிங்களம் அன்றைக்கு எனக்கு வாயில் வரவில்லை. அவர்தான் உட்கார்ந்திருந்த மர வாங்கிலை விட்டு அசையாமல், இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும், நான் பொறுப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பின்னேரம் நாலு மணிக்கு விட்டார்கள். ஆனால் சித்தப்பாவின் நடுக்கம் நிற்கவில்லை. வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் அவள் பையோடு படியிறங்கி வந்தாள். நான் வழிமறித்து மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது, அவள் அழவில்லை.

"பரவாயில்லை அக்கா. மிளகாய்க்குக் கனக்கத் தண்ணி விடாதேங்கோ, வேர் அழுகிப் போடும்."

"எங்கை போறீர்? இடத்தைச் சொல்லும். கனடாக் கடிதம் வந்தால் நானே கொண்டுவந்து தாறன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேண்டாம் அக்கா," என்றாள். "நீங்கள் எங்கையாவது எழுதி வைச்சிடுவியள்."