கரையில் கேட்ட கேள்வி

என்னைவிடப் பெரிய முட்டாள் எவனுக்கும் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வேலை கிடைத்திருக்க வாய்ப்பில்லை. ஒரு மனிதரின் நெஞ்சில் என்ன கோளாறு என்பதை, அவரோடு கடலுக்குப் போகிறவர்களைச் சுற்றிலும் உட்காரவைத்துக்கொண்டு, மைக் இல்லாத குறையாகக் கத்திக் கேட்டவன் நான். அந்த மனிதர் என் அக்கா வீட்டுக்காரர். மாமா என்று கூப்பிடுவேன்.

மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கும் மீனவர் குப்பத்தில்தான் நானும் பிறந்தேன். ஆனால் படகில் ஏறினால் வலை போடும் முன்பே மீன்களுக்குக் காலை உணவு பரிமாறிவிடும் வயிறு என்னுடையது. அதனால் செங்கல்பட்டுக்குக் குடிபோய், கடலுக்குப் போகிறவர்களின் உயிருக்குப் பாலிசி பிடிக்கும் வேலையில் சேர்ந்தேன். பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லித்தந்தது நன்னம்பிக்கை. பாலிசி எடுப்பவர் தன் உடம்பைப் பற்றித் தெரிந்த எதையும் மறைக்கக் கூடாது. அவர் வாயை நம்பித்தான் கம்பெனி கையெழுத்துப் போடுகிறது. மறைத்தது தெரிந்தால் மூன்று வருடத்துக்குள் பாலிசி செல்லாது என்று சொல்லிவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் கேள்வி கேட்க முடியாது. இதை நான் பெண் பார்க்கும் கதையாக மாற்றிச் சொல்லுவேன்: மாப்பிள்ளை தலையில் இருப்பது விக் என்றால் தாலிக்கு முன்னாலேயே சொல்லிவிடு, மூன்று வருடம் குடும்பம் நடத்திவிட்டால் மாமனாரே பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொள்ள மாட்டார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போடுவார்கள்.

மாமாவிடம் கேள்விகளைக் கேட்டது ஒரு சாயங்காலம், கரையில். அவரும் அவருடைய படகுக்காரர்களும் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஐஸ் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து கச்சேரியை ஆரம்பித்தேன்.

“சக்கர கீதா மாமா?”

“டீல போட்டா போதும்.”

“நெஞ்சு வலி? மூச்சு வாங்கறது?”

மாமா பதில் சொல்லும் முன் படகுக்காரர் ஒருவர் முந்திக்கொண்டார். “அண்ணாத்தைக்கா? உங்கக்காவ கட்டிகினு இத்தினி வருசம் தாங்குன நெஞ்சு அது. அதுக்கு இன்னா வரப்போவுது!”

கரையே சிரித்தது, அதிகம் சிரித்தவன் நான். நைலான் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்த மாமா மட்டும் கடிப்பதை ஒரு நொடி நிறுத்தினார். பிறகு, “ஒண்ணும் கெடையாது, எழுதிக்க மச்சான்” என்றார்.

எங்கள் பக்கம் நெஞ்சு வலிக்காரனோடு ஒருவரும் படகு ஏற மாட்டார்கள். கொடூரம் ஒன்றும் இல்லை. நடுக்கடலில் ஒருவன் சாய்ந்தால் போட்ட வலையை அறுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்பும் தூரம் முழுக்க அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே வர வேண்டும். அந்த பயத்தோடு யார் இன்ஜினைக் கிளப்புவார்கள்? இது தெரிந்தே பிறந்தவன் நான். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டிருந்தால் போதும். நன்னம்பிக்கையைப் பற்றி அவ்வளவு பேசியவனுக்கு ஒரு கதவு தோன்றவில்லை.

அடுத்த வருடம் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். இருதய நோயாளிகள் வரிசையில், மடியில் துணிப்பையோடு. இன்ஜினுக்கு சாமான் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

“பாலிசிக்கு முன்னாலேர்ந்தே வந்துகினுதான் கீறேன். அக்காவாண்ட சொல்லாத. வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் எங்கூட படகு ஏற மாட்டான்.”

நான் கம்பெனியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றிலிருந்து என் தலைக்குள் ஒரு காலண்டர் ஏறி உட்கார்ந்தது. மூன்று வருடத்துக்குள் அவருக்கு ஏதாவது ஆனால் அக்காவின் கையில் மிஞ்சுவது, பணம் தர முடியாது என்று கம்பெனி எழுதும் ஒரு கடிதம். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதை அவள் என்ன செய்வாள்? படகுகள் கரை சேரும் நேரமெல்லாம் போன் செய்தேன். ஓட்ஸ் வாங்கிப் போனேன். மாமா அதைக் கோழிக்குப் போட்டார். வறுத்த மீனை அவர் தட்டிலிருந்து எடுத்து நானே தின்று, ஒரே வருடத்தில் பேண்ட் மாற்ற வேண்டிய அளவுக்குப் பருத்தேன். “கூடப்பொறந்த என்மேலகூட உனுக்கு இவ்ளோ பாசம் இல்லடா” என்று அக்கா கண்கலங்கினாள். அந்தப் பாராட்டு தொண்டையில் முள்ளாக நின்றது.

கடைசியில் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமா சம்மதித்தார், கம்பெனிக்கு உண்மையை எழுதிக் கொடுத்தோம். பாலிசியை ரத்து செய்யாமல் பிரீமியத்தை ஏற்றினார்கள். எனக்கு மேலதிகாரியின் அறையில் நல்ல பூசை கிடைத்தது. அக்கா ஒரு மாதம் எங்கள் இரண்டு பேரோடும் பேசவில்லை. படகுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக, முகம் பார்க்காமல், வேறு படகுக்குப் போனார்கள். மாமா இப்போது கரையில் மீன் ஏலம் விடுகிறார். கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். நானும் இப்போது கேள்வி கேட்கும் முன் வீட்டில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிடுகிறேன், கிண்டலும் செய்வதில்லை.

எழுதிக் கொடுக்க வைத்தது சட்டம் அல்ல. ஒரு விடியற்காலை.

அன்று மற்ற படகுகள் எல்லாம் வந்துவிட்டன, மாமாவுடையது வரவில்லை. போன் எடுக்கவில்லை என்று செங்கல்பட்டிலிருந்து பைக்கில் பறந்து வந்தேன். கடல் எண்ணெய் ஊற்றிவைத்ததுபோல் அசையாமல் கிடந்தது. காக்கைகூடக் கத்தவில்லை. பக்கத்தில் அக்கா வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது மாமாவின் முகம் இல்லை, பாலிசி தேதி. இன்னும் மூன்று வருடம் ஆகவில்லையே என்றுதான் முதலில் நினைத்தேன்.

வெயில் ஏறிய பிறகு படகு வந்தது. இன்ஜின் பழுதாம். மாமா இறங்கியபோது உதடு வெளுத்திருந்தது. அக்கா தண்ணீர் கொண்டுவர ஓடினாள். நான் அவரைத் தனியே இழுத்துப்போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

“இன்னும் கொஞ்ச மாசந்தான் மாமா. அதுவரைக்கும் கடலுக்குப் போவாத. மூணு வருசம் முடிஞ்சிட்டா ஒருத்தனும் கேள்வி கேக்க முடியாது.”

அவர் என் கையை விலக்கவில்லை. என்னையே பார்த்தார்.

“அதுக்கப்பால நான் சாவலாமா, மச்சான்?”